மூன்றாம் வருஷத்தில் திடீரென்று 1,18,400 ரூபாய் பாக்கி என்று கல்லூரி நோட்டீஸ். என்ன செய்வது?

மேலூர் அண்ணன்
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். தங்கை மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கவுன்சிலிங்கில் அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். நாங்கள் எஸ்சி. சேரும்போது "ஸ்காலர்ஷிப் இருக்கிறது, டியூஷன் ஃபீஸ் நீங்கள் கட்ட வேண்டியதில்லை" என்று ஆபீஸில் சொன்னார்கள். அன்றைக்குக் கூடப் போனது அப்பா. அவர் போன வருஷம் தவறிவிட்டார். நான் மேலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு நூறு நாள் வேலை.

இன்றைக்கு அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

டியூஷன் ஃபீஸ் பாக்கி, முதல் வருஷம்: 33,000
டியூஷன் ஃபீஸ் பாக்கி, இரண்டாம் வருஷம்: 33,000
வேலைவாய்ப்புப் பயிற்சி, இரண்டு வருஷத்துக்கு: 24,000
பேருந்து, இரண்டாம் வருஷம்: 16,000
தாமத அபராதம்: 12,400
மொத்தம்: 1,18,400

இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் நவம்பர் செமஸ்டருக்கு ஹால் டிக்கெட் கிடையாதாம். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சாயங்காலத்திலிருந்து சாப்பிடவில்லை. "நான் படிப்பை நிறுத்திக்கிறேன் அண்ணே" என்கிறாள். பட்டறை முதலாளியிடம் 50,000 கேட்டால் தருவார், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார். மீதியை வட்டிக்கு வாங்க வேண்டும். நாளைக் காலையில் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.


திருமங்கலம் செல்வி
திங்கள், இரவு 10.05

தம்பி, முதலில் தங்கச்சியைச் சாப்பிட வையுங்கள். இன்னும் நாள் இருக்கிறது, பேசிக்கொள்ளலாம்.

என் மகனுக்கும் இதே மாதிரி வந்தது, தொகைதான் சின்னது. நான் சண்டை போடவில்லை, கட்டிவிட்டேன். பிராக்டிகல் மார்க், இன்டர்னல் மார்க் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. பிள்ளை இன்னும் ஒன்றரை வருஷம் அங்கேதான் போய் வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம் என்று கெஞ்சிக் கேளுங்கள். தாய் மனசு இப்படித்தான் யோசிக்கும், தவறாக நினைக்காதீர்கள்.


கணக்கறை
திங்கள், இரவு 10.50

நான் வேறொரு சுயநிதிக் கல்லூரியில் கணக்குப் பிரிவில் 11 வருஷமாக இருக்கிறேன். நாளைக் காலையில் யாரிடமும் கடன் கேட்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

33,000 என்ற எண்ணைப் பாருங்கள். 2017ல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 என்றும், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 என்றும் வைத்தது. 55,000ல் 60 சதவீதம் எவ்வளவு? சரியாக 33,000. இது தற்செயல் இல்லை.

எஸ்சி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தருவது) மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. 2021-22லிருந்து மத்திய அரசின் பங்கு கல்லூரிக்கு வருவதில்லை. மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. மாணவர் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். இதைச் சேர்க்கும்போதே பெற்றோரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை, எங்கள் கல்லூரி உட்பட. மூன்றாம் வருஷம் ஆடிட் வரும்போதுதான் பாக்கிப் பட்டியல் எடுக்கிறார்கள், பிள்ளைகள் தலையில் இடி விழுகிறது.

எனவே கேள்வி இதுதான்: தங்கையின் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது? அந்தக் கணக்கில் என்ன வரவு இருக்கிறது? ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அவளுடைய ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டால் எந்த வங்கி என்று காட்டும். வங்கியின் பெயர் மட்டும்தான் வரும், கணக்கு எண் முழுதாக வராது. அது போதும்.

கல்லூரிப் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பணம் வராமல் போனால் எங்களுக்குச் சம்பளம் தள்ளிப் போகிறது. ஆகவே அந்த இரண்டு வரியும் பொய்யான பாக்கி என்று எடுத்தவுடனே போய்ச் சொல்லிவிடாதீர்கள். மற்ற மூன்று வரிகள் வேறு கதை.


மேலூர் அண்ணன்
திங்கள், இரவு 11.20

ரொம்ப நன்றி அண்ணே. கல்லூரியில் சேர்ந்தபோது வளாகத்தில் இருக்கிற வங்கியில் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாஸ்புக்கைத்தான் பார்ப்போம். அதில் ஸ்காலர்ஷிப் எதுவும் வரவில்லை. இப்போது ஆதார் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் வேறு வங்கி காட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பில் மேலூரில் அப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கு. அதன் பாஸ்புக் எங்கே என்றே தெரியவில்லை. அந்தக் கணக்கில் கொடுத்திருந்தது அப்பாவின் போன் நம்பர். அந்த சிம் இப்போது ஓடவில்லை.


கணக்கறை
திங்கள், இரவு 11.25

மெசேஜ் வந்திருந்தாலும் அந்த சிம்முக்குத்தான் வந்திருக்கும். நாளைக்கு அவளையே கூட்டிக்கொண்டு ஆதார் அட்டையோடு அந்தக் கிளைக்குப் போங்கள். கணக்கு அவள் பெயரில் இருப்பதால் அவள் வந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு வருஷம் நாமாக எதுவும் எடுக்காமல் போடாமல் இருந்தால் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதை மறுபடி இயங்க வைக்கக் கட்டணம் கேட்கக் கூடாது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் பிடிக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது.


வைகை வடகரை
செவ்வாய், காலை 7.15

நுகர்வோர் கோர்ட்டில் ஒரு கேஸ் போட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பில் போடுவது சேவைக் குறைபாடுதானே?


ஒத்தக்கடை வழக்கறிஞர்
செவ்வாய், காலை 8.30

அந்த வழியில் இப்போது போக வேண்டாம். கல்வி ஒரு சரக்கு இல்லை, கல்வி நிறுவனம் தருவது நுகர்வோர் சட்டத்தில் சொல்லும் சேவை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010லும் 2012லும் சொல்லியிருக்கிறது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 ஜனவரியில் அதே பக்கம் நின்றது. அதன் மேல் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனது. மனு நிற்குமா நிற்காதா என்று வாதாடுவதிலேயே செமஸ்டர் முடிந்துவிடும். உங்களுக்கு ஹால் டிக்கெட் இந்த மாதம் வேண்டும்.

உங்கள் கையில் இருக்கிற பிடிகளைச் சொல்கிறேன்.

1992ஆம் வருஷத்து தமிழ்நாடு கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அதில் வரும். பயிற்சி, அபராதம் இரண்டும் எந்த ஆணையின்படி என்று எழுத்தில் கேட்பதற்கு இது போதும்.

அடுத்தது, எஸ்சி மாணவரிடம் டியூஷன் ஃபீஸை முன்கூட்டியே கட்டு என்று கேட்கக் கூடாது, உதவித்தொகை வந்ததும் கட்டினால் போதும் என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை. மாநில அரசும் 2012 செப்டம்பரில் அரசாணை 92 போட்டு, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே பணம் இன்னும் வராத வருஷத்துக்குத் தாமத அபராதம் போடுவது எந்தக் கணக்கில் சேரும்?

2023ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறையும் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவிலிருந்து ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். மனு கொடுத்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கோர்ட் என்பது கடைசி. உயர் நீதிமன்றக் கிளை இங்கே ஒத்தக்கடையில்தான் இருக்கிறது, ஹால் டிக்கெட் விஷயத்தில் அவசர மனுவும் போட முடியும். ஆனால் 90 சதவீதம் இதற்கு முன்பே முடிந்துவிடும். அப்படித் தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்பதாலும், எஸ்சி என்பதாலும், வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். 15100க்கு அழைக்கலாம்.


ஓய்வு கண்காணிப்பாளர்
செவ்வாய், காலை 10.10

34 வருஷம் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் தம்பி. கவுன்டரில் போய் வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். நாளைக்கு அந்தப் பதிலுக்கு ஆள் இருக்காது. எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். மனுவில் கோபம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். கேள்வி மட்டும் இருக்கட்டும். கீழே எழுதியிருக்கிறேன், பெயர் விவரம் போட்டுக்கொள்ளுங்கள்.

"பெறுநர்: முதல்வர் அவர்கள். ஐயா, நான் தங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறுபவள். எனக்கு வழங்கப்பட்ட கட்டண நிலுவை அறிவிப்பு தொடர்பாகக் கீழ்க்காணும் விவரங்களை எழுத்து மூலம் வழங்க வேண்டுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் என் பெயரில் வரவு வைக்கப்பட்ட தொகை, தேதி வாரியாக. வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் எந்த ஆணை அல்லது சுற்றறிக்கையின்படி வசூலிக்கப்படுகிறது, அதற்கு நான் கையொப்பமிட்ட படிவத்தின் நகல். இரண்டாம் ஆண்டு எனக்கு வழங்கப்பட்ட பேருந்து அட்டையின் விவரம். அபராதம் எந்த விதியின்படி, எந்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டது. இவ்விவரங்கள் கிடைத்ததும் நான் செலுத்த வேண்டிய தொகையைச் செலுத்த அணியமாக உள்ளேன். அதுவரை என் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியமும் முக்கியம். "கட்ட மாட்டேன்" என்று எங்கேயும் எழுதக் கூடாது. முதல்வருக்கு ஒன்று, குறைதீர்ப்புக் குழுவுக்கு ஒன்று என்று இரண்டு படி எடுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.


நாகமலை மாணவி
செவ்வாய், மதியம் 1.30

அண்ணா, நானும் இன்ஜினியரிங்தான், கடைசி வருஷம். பயிற்சிக் கட்டணம் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஒரு சர்க்குலர் வந்தது. விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. ஆனால் வகுப்பு நேரத்திலேயே வெளியிலிருந்து ஆள் வந்து ஆப்டிட்யூட் நடத்தினார்கள். கால அட்டவணையில் இருந்ததால் எல்லாரும் உட்கார்ந்தோம். பிறகு "நீ வகுப்புக்கு வந்தாய், அதனால் கட்டு" என்றார்கள். உங்கள் தங்கையிடம் கேளுங்கள்: பெயர் கொடுத்தாளா, ஏதாவது கையெழுத்துப் போட்டாளா, வகுப்பு கல்லூரி நேரத்தில் நடந்ததா? நாங்கள் 14 பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு அந்தக் கட்டணம் போனது. தனியாகப் போனால் முறைப்பார்கள். அவள் வகுப்பிலேயே இன்னும் யாருக்கெல்லாம் இந்தத் தாள் வந்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.


மேலூர் அண்ணன்
செவ்வாய், இரவு 8.45

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு வங்கிக்குப் போனேன். அடையாளம் எல்லாம் பார்த்து, போன் நம்பரை மாற்றி, பாஸ்புக் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்கறை அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. முதல் வருஷம் மார்ச் மாதம் 37,200 ரூபாய் வரவு. யாரும் தொடவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோதே வந்திருக்கிறது, அவருக்கும் தெரியவில்லை.

அந்த வரியைப் பார்த்ததும் தங்கை வங்கியிலேயே அழுதுவிட்டாள். ஒன்றரை வருஷமாக அந்தக் கணக்கில் பணம் கிடக்க, இங்கே ஒவ்வொரு செமஸ்டருக்கும் தேர்வுக் கட்டணத்துக்கு நாங்கள் பட்ட பாடு.

இரண்டாம் வருஷத்துக்கு வரவு இல்லை. கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்காததால் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்களாம். இன்னொரு சந்தேகம்: கல்லூரி கேட்பது 33,000. வந்தது 37,200. மீதி 4,200ம் அவர்களுக்குத்தானா?


கணக்கறை
செவ்வாய், இரவு 9.10

இல்லை தம்பி, அது அவளுடையது. உதவித்தொகையில் கட்டணம் ஒரு பகுதி, மாணவரின் படிப்புச் செலவுக்கான படி இன்னொரு பகுதி. பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு ஆண்டுக்கு 7,000, விடுதியில் இருப்பவருக்கு 13,500. 55,000ம் 7,000ம் சேர்த்தால் 62,000. அதில் 60 சதவீதம் 37,200. பைசா பிசகாமல் வருகிறது பாருங்கள். 4,200 அவள் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் அரசு கொடுத்தது. கல்லூரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் வருஷப் பணம் கணக்கு நின்றிருந்ததால் திரும்பிப் போயிருக்கும். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொண்டுபோய் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.


சிம்மக்கல் தகப்பன்
புதன், காலை 6.50

மன்னிக்கவும், என் பிரச்சினை கொஞ்சம் வேறு. மகன் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 45,000 கட்டிச் சேர்ந்தான். சேர்க்கை முடியும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு வேறு இடம் கிடைத்தது. இப்போது டிசியும் மார்க் ஷீட்டும் வேண்டும் என்றால் மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டு என்கிறார்கள். இது நியாயமா?


ஒத்தக்கடை வழக்கறிஞர்
புதன், காலை 8.15

நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. யுஜிசி 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பைப் பாருங்கள். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னாலேயே விலகினால் முழுத் தொகை, அதில் செயல்முறைச் செலவு என்று 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், அதுவும் 5,000க்கு மேல் போகாமல் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, அதிலிருந்து 30 நாள் வரை 50. அதற்குப் பிறகு கிடையாது. நீங்கள் ஒரு வாரம் முன்பு என்றால் 90 சதவீதம், அதாவது 40,500 திரும்ப வர வேண்டும். அந்த வருஷத்துக்கென்று தனி ஆணை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2024-25க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை என்றே யுஜிசி சொன்னது.

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையே இல்லை. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே 2018 அறிவிப்பில்தான் இருக்கிறது. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இதற்கென்று தனிப் பதிவு தொடங்குங்கள், விவரமாக எழுதுகிறேன்.


திருமங்கலம் செல்வி
புதன், காலை 9.00

நான் முதலில் கட்டிவிடச் சொன்னேன். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் படித்தேன். என் மகனுக்குக் கட்டிய 18,000 எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரசீதில் "இதர கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. பயந்துகொண்டு கேட்காமல் விட்டுவிட்டேன். தம்பி, நீங்கள் கேளுங்கள்.


மேலூர் அண்ணன்
வெள்ளி, இரவு 10.15

புதன்கிழமை மனு கொடுத்தோம். முதலில் முத்திரை போட மாட்டோம் என்றார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுகிறோம் என்றதும் போட்டுவிட்டார்கள். நாகமலைத் தங்கச்சி சொன்னபடி அவள் வகுப்பில் விசாரித்ததில் இன்னும் 9 பேருக்கு இதே தாள் வந்திருக்கிறது, எல்லாரும் ஸ்காலர்ஷிப் பிள்ளைகள். அதில் 6 பேர் தங்கள் மனுவையும் கொடுத்தார்கள். அவர்களிடமும் ஆதார் எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 4 பேருக்கு வீட்டுக்குத் தெரியாத கணக்கு.

இன்றைக்குக் கூப்பிட்டார்கள். கணக்குப் பிரிவு மேலாளரும், ஒரு பேராசிரியை அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வருஷ 33,000. பாஸ்புக்கைக் காட்டினேன், கட்டுகிறோம் என்றேன். அதில் பேச்சே இல்லை.

பயிற்சி 24,000. கையெழுத்துப் போட்ட படிவம் எங்கே என்று கேட்டேன். தேடினார்கள், இல்லை. வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு அட்டவணையில் நடந்தது என்று தங்கை நோட்டைக் காட்டினாள். மேலாளர் "பயிற்சி கொடுத்த கம்பெனிக்கு நாங்கள் காசு கொடுத்தாகிவிட்டதே" என்றார். அது கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விஷயம் சார் என்றேன். அந்த அம்மா அவரைப் பார்த்து, "அவங்க சொல்றது சரிதானே" என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

பேருந்து. இது எங்கள் பக்கத்திலும் தப்பு. இரண்டாம் வருஷம் முதல் இரண்டு மாதம் கல்லூரிப் பேருந்தில் போனாள். அப்பா படுத்த பிறகு நிறுத்திவிட்டு, மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ்ஸில் மகளிர் இலவசப் பயணத்தில் வந்து, அங்கிருந்து மாறிப் போனாள். நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. பேருந்துப் பொறுப்பாளரின் வருகை நோட்டில் இரண்டு மாதம்தான் அவள் பெயர் இருந்தது. பத்து மாதத்துக்கு 16,000 என்றால் மாதம் 1,600. இரண்டு மாதத்துக்கு 3,200 கட்டுகிறோம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

அபராதத்தை ரத்து செய்ய முதல்வர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டாம் வருஷ 33,000க்கு நல அலுவலகத்திலிருந்து ஏதாவது எழுத்து வாங்கி வாருங்கள் என்றார்கள்.


ஓய்வு கண்காணிப்பாளர்
வெள்ளி, இரவு 10.40

பேசியது எல்லாம் எழுத்தில் வந்ததா தம்பி? வரவில்லை என்றால், இன்று ராத்திரியே கல்லூரி மின்னஞ்சலுக்கு "இன்று நடந்த பேச்சில் கீழ்க்கண்டவை ஒப்புக்கொள்ளப்பட்டன" என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவு.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நல அலுவலகத்துக்கு நேராகப் போனாலும் போகலாம். ஆனால் குறைதீர் நாளில் மனு பதிவாகும், எண் கிடைக்கும், துறை பதில் சொல்லியாக வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.


மேலூர் அண்ணன்
திங்கள், மாலை 6.30

மின்னஞ்சல் அன்றைக்கே அனுப்பினேன்.

இன்றைக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி, அண்ணா பஸ் நிலையம் போய், ஒன்பது மணிக்கே கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்றோம். பதினொன்றரைக்கு மனு கொடுத்தோம். அங்கிருந்தே நல அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு அக்கா கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். இரண்டாம் வருஷத்துக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது, பணம் அனுப்பி வங்கியிலிருந்து திரும்பியிருக்கிறது. கணக்கு இப்போது சரியாகிவிட்டதால் மறுபடி அனுப்பப் பட்டியலில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். உதவித்தொகை நிலுவையில் உள்ளது என்று ஒரு கடிதமும் தந்தார்கள். மூன்றாம் வருஷப் புதுப்பித்தலுக்கு ஆதார் சரிபார்ப்பு பாக்கி இருந்தது, அதையும் கையோடு முடித்துக்கொண்டோம். அந்த 6 பேரில் 2 பேரும் எங்களோடு வந்திருந்தார்கள்.


கணக்கறை
திங்கள், இரவு 8.00

நல்லது. அந்தக் கடிதத்தின் நகலைக் கல்லூரியில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். முதல் வருஷ 33,000ஐயும் பேருந்துப் பணத்தையும் ஒரே ரசீதில் போட விடாதீர்கள். தனித்தனி ரசீது, அதில் எந்த வருஷத்துக் கட்டணம் என்று எழுதியிருக்க வேண்டும். ஜிபேயில் யாருடைய சொந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். கல்லூரிக் கணக்குக்குப் போகிற சலான் அல்லது டிடி மட்டும்.

உங்களால் எனக்கு ஒரு வேலை நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் இந்த வருஷம் சேர்ந்த ஸ்காலர்ஷிப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஆதார் வங்கி எது என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லும் ஒரு தாளைத் தமிழில் அடித்து முதல்வர் மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்தானதும் வகுப்பு வகுப்பாகக் கொடுக்கப் போகிறோம்.


மேலூர் அண்ணன்
வியாழன், இரவு 9.20

அண்ணே, அக்கா, ஐயா, எல்லாருக்கும். இன்று காலை 33,000க்கு டிடி எடுத்துக் கட்டினோம். 3,200ஐ என் சம்பளத்திலிருந்து சலானில் கட்டினேன். இரண்டுக்கும் தனித்தனி ரசீது. அபராதம் ரத்து என்று முதல்வர் கையெழுத்துப் போட்ட தாளும் கிடைத்தது. இரண்டாம் வருஷ 33,000க்கு எதிரே "உதவித்தொகை எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அது வந்த அன்றே கட்டிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், கட்டுவேன்.

மற்ற 6 பேரில் 5 பேருக்கும் பயிற்சிக் கட்டணமும் அபராதமும் போய்விட்டது. ஒரு பெண் மட்டும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குக் குறைதீர்ப்புக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. வழக்கறிஞர் அண்ணே, அவள் அப்பா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார், இங்கேயே எழுதச் சொல்லட்டுமா?

அந்த 4,200ஐத் தங்கை கணக்கிலேயே விட்டுவிட்டேன். பிராஜெக்ட்டுக்கு ஏதோ போர்டு வாங்க வேண்டும் என்று போன மாதமே சொல்லியிருந்தாள், அப்போது பார்ப்போம் என்று சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.


ஒத்தக்கடை வழக்கறிஞர்
வியாழன், இரவு 9.45

எழுதச் சொல்லுங்கள் தம்பி. படிவத்தின் நகலும் சர்க்குலரும் கையில் இருக்கட்டும். கையெழுத்து இருந்தாலும், நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கலாமா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.